குண்டு அனுப்பிய பொடி

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாக் கைபேசிகளும் ஒரு பழைய பிரஷர் குக்கருக்குள் போய்விட வேண்டும். இது என் கணவர் போட்ட சட்டம். மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் பிரிவு அதிகாரி அவர். ஆபீஸில் கோப்புகளிடம் காட்ட முடியாத அதிகாரத்தையெல்லாம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸின் இரண்டு அறைகளுக்குள் காட்டிப் பார்ப்பார். குக்கர் மூடியைத் தன் கையாலேயே திருகிவிட்டுத்தான் தட்டின் முன் உட்காருவார். அவருடைய கைபேசி மட்டும் உள்ளே போகாது. கேட்டால் ஆபீஸ் குரூப் என்பார். அந்த ஆபீஸ் குரூப்பில் காலை வணக்க ரோஜாப்பூக்களைத் தவிர வேறெதுவும் வந்து நான் பார்த்ததில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

இந்தச் சட்டத்தின் முழுப் பாரமும் எங்கள் ஒரே மகள் தலையில்தான். பதினோராம் வகுப்பு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், அதிலும் சண்டை என்றால் சரளமாகப் பேசுவாள், எழுதப் படிக்கத்தான் வராது. கைபேசியில் அவளும் அவள் தமிழ்த் தோழியும் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்வார்கள். அதில் குறில் எது நெடில் எது என்று அவர்களுக்கும் தெரியாது, ஆங்கிலத்துக்கும் தெரியாது. இந்த ஒரு குறைதான் பின்னால் எங்களைக் கொண்டுபோய்ச் சந்தியில் நிறுத்தியது.

பள்ளியின் சட்டம் எங்கள் குக்கரைவிடக் கடுமை. ஒவ்வொரு வகுப்புக் கதவுக்கும் பின்னால் வரிசை வரிசையாகப் பை தைத்த ஒரு நீளத் துணி தொங்கும். காலையில் அவரவர் கைபேசியை அணைத்து அதில் போட்டுவிட வேண்டும், கடைசி மணி அடித்த பிறகுதான் எடுக்கலாம். வகுப்பில் பிடிபட்டால் அம்மா அப்பா இருவரும் நேரில் வர வேண்டும். விஷயம் பெரியது என்று தோன்றினால் ஒழுங்குக் குழுவுக்குப் போகும். குழுவுக்குப் போன பிள்ளை அந்த வருடம் பள்ளிக்காக எதிலும் விளையாட முடியாது.

என் மகளுக்கு அதுதான் உயிர்நாடி. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் பாட்டில் நீட்டிக்கொண்டிருந்தவளுக்கு அந்த வருடம்தான் கூடைப்பந்து அணியில் இடம் கிடைத்திருந்தது. மறுவாரம் ஜெய்ப்பூரில் போட்டி. அணியின் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று அதைக் கழற்றாமலே தூங்கினாள். இஸ்திரி போடக் கேட்டதற்கு, கசங்கினால்தான் விளையாடுகிறவள் சட்டை மாதிரி இருக்கும் என்று தரவில்லை.

இப்படிப்பட்டவள் வம்பில் மாட்டாமல் இருந்திருக்க வேண்டாமா? அந்த நாட்களில் நான் என் பழைய கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தேன். கண்ணாடி நொறுங்கி, பாட்டரி செத்து, அலமாரியில் கிடந்தது. குப்பைக்குப் போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். அது குப்பைக்குப் போகவில்லை, தினமும் என் மகளோடு பள்ளிக்குப் போய் வந்துகொண்டிருந்தது. கதவுக்குப் பின்னால் இருந்த துணிப்பையில் சமர்த்தாகப் படுத்துக்கொண்டிருந்தது என் செத்த கைபேசி. உயிரோடு இருந்த அவளுடைய கைபேசி வலது காலுறைக்குள் இருந்தது.

அன்று காலைப் பிரார்த்தனை. மைதானம் முழுக்கக் கண்ணை மூடி நிற்கிறது. என் மகளின் காலுறை உறுமியிருக்கிறது. ஒரு தடவை உறுமியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். விடாமல் உறுமியிருக்கிறது. பின்னால் நின்ற பிசிக்ஸ் சார், குளிரில் பிள்ளைக்குக் கால் நடுங்குகிறது என்று பாவப்பட்டுக் குனிந்து பார்த்தாராம். அந்த நல்ல மனசுதான் அவளைப் பிடித்துக் கொடுத்தது.

நான் வங்கியில் என் கவுன்ட்டரில் இருந்தபோது துணை முதல்வர் மேடத்திடமிருந்து அழைப்பு வந்தது. பஞ்சாபி அம்மாள். குரலே ஆளை எழுந்து நிற்க வைக்கும்.

“விஷயம் தோடா சீரியஸ்ஜி. பவுடர் கா மாம்லா ஹை.”

பவுடர் விவகாரம் என்கிறார், எனக்கு விளங்கவில்லை. பெண் முகத்தில் அப்பிக்கொண்டு போய்விட்டாளா என்று நினைத்தேன்.

“டால்கம் பவுடரா மேடம்?”

அந்தப் பக்கம் மேடம் யாரிடமோ ஏதோ கிசுகிசுத்தார். பிறகு, “நீங்க ரெண்டு பேரும் ஜல்தி வாங்க” என்று வைத்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் பவுடர் என்றால் என்னவெல்லாம் அர்த்தம் உண்டு என்று செய்தித்தாள் படிக்கிற எந்தத் தாய்க்கும் தெரியும். வயிற்றில் புளியைக் கரைத்தது. ஆட்டோக்காரரிடம் “பையா, ஜல்தி, ஜல்தி” என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுபோனது. என் பெண்ணா? ராத்திரி குக்கரைச் சுற்றிச் சுற்றி வரும் இந்த அசடா?

பள்ளி வாசலில் கணவர் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார். முகம் மிளகாய் வற்றல்.

“இன்னியோட ஃபோன் கட். நெட் கட். வெளில போறது கட். பாஸ்கெட்பாலும் கட்!”

“மூச்சு?” என்றேன்.

“நீ குடுக்கற செல்லம்தான் இவ்வளவும்.”

“குக்கர்ல வெச்சுப் பூட்டினது நீங்கதானே? எல்லாம் உள்ளயே வெந்துடுச்சு போல.”

இப்படி ஒருவரையொருவர் கடித்துக்கொண்டே துணை முதல்வர் அறைக்குள் போனோம். உள்ளே மேடம், அவருக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார், மேஜைமேல் மகளின் கைபேசி. சுவரோரமாக அவள் ஒரு காலுறை மேலே, ஒன்று கணுக்காலில் சரிந்தபடி நின்றிருந்தாள். என்னைப் பார்த்தவள் உடனே தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் கைபேசி பூட்டியிருந்தாலும் வந்த செய்திகள் முகப்பிலேயே தெரிகிற வகை. அவை ஆங்கில எழுத்தில் ஏதோ புரியாத பாஷையில் இருக்கவே, கம்ப்யூட்டர் வாத்தியார் ஒரு செயலியில் போட்டு மொழிபெயர்த்திருக்கிறார். அதைத் தாளில் அச்செடுத்தும் வைத்திருந்தார். மேடம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் படித்தார்.

“அனுப்பியவர்: பாம். செய்தி: பவுடர். பவுடர் பவுடர். ஐ ஷாட் த பவுடர். இடைவேளையில் வா. உன் தாய்க்குத் தெரிந்தால் நாம் இறந்தோம்.”

வெடிகுண்டு ஒருவர் என் மகளுக்குச் செய்தி அனுப்புகிறார். கணவரைப் பார்த்தேன். வாசல் வரை கர்ஜித்துக்கொண்டு வந்த மனிதர், காற்றுப் போன பலூனாக உட்கார்ந்திருந்தார். அதிர்ச்சி என்று நினைத்தேன். பாவம், ஒரே பெண் என்று அவர் கையைக்கூடத் தட்டிக் கொடுத்தேன்.

“மேடம், அந்த ஃபோனை நான் பார்க்கலாமா?” என்றேன்.

காட்டினார். அனுப்பியவர் பெயர் ‘குண்டு’. கீழே தமிழ்ச் செய்தி ஆங்கில எழுத்தில். வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன்.

“போடி. போடி போடி. பொடி சுட்டுட்டேன். ரீசெஸ்ல வா. உங்கம்மாக்கு தெரிஞ்சா செத்தோம்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படி இப்படி இல்லை, வயிற்றில் கரைத்த புளி முழுக்கச் சிரிப்பாகப் பொங்கி வந்தது. பவுடர் விவகாரத்தில் பெண் மாட்டியிருக்க, தாய்க்காரி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். மேடத்தின் புருவம் ஏறிய ஏற்றத்தைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டேன். ‘போடி’க்கும் ‘பொடி’க்கும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்து. அந்தச் செயலிக்குத் தெரிந்தது பொடி ஒன்றுதான். தோழிகளின் கொஞ்சலையெல்லாம் மூட்டை மூட்டையாகப் பவுடராக்கிவிட்டது.

நான் இந்தியில் விளக்கத் தொடங்கினேன். “மேடம், முதல்ல வர்றதெல்லாம் பவுடர் இல்ல. ‘போடி’ன்னா ‘போய்த் தொலை’ன்னு அர்த்தம்.”

“ஓஹோ. போய்த் தொலைன்னு திருப்பித் திருப்பிச் சொல்லிட்டு, இடைவேளைல வான்னு கூப்பிடறாளா?”

“ஆமா மேடம். ஃபிரெண்ட்ஷிப்.”

“ஷாட்?”

“அது துப்பாக்கி இல்ல. சுட்டுட்டேன்னா திருடிட்டேன்னு...”

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். மேடம் பேனாவை எடுத்தார்.

“அச்சா. அப்ப இது திருட்டுப் பவுடர். இந்த பாம் யாரு?”

“அவளோட ஃபிரெண்ட் மேடம். கரோல் பாக்லேர்ந்து ஸ்கூல் பஸ்ல வர்ற பொண்ணு. குண்டுன்னா பாம் இல்ல, மோட்டீ. பட்டப் பேரு.”

“மோட்டீயா? அந்தத் தமிழ்ப் பொண்ணையா சொல்றீங்க? காத்தடிச்சா பறந்துடுவாளே.”

“அதனாலதான் மேடம்.”

மேடம் கம்ப்யூட்டர் வாத்தியாரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். வாயைத் திறக்கத் திறக்கக் குழி ஆழமாகிக்கொண்டே போனது. அப்போதுதான் என் கணவர், அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர், தொண்டையைச் செருமினார். அரசாங்க ஆங்கிலத்தை எடுத்து விட்டார்.

“மேடம், இட் இஸ் எ வெரி காமன் ஐட்டம். ஆல் சவுத் இந்தியன்ஸ் ஹேவ் இட் அட் ஹோம். இன் இங்கிலீஷ், வீ கால் இட் கன்பவுடர்.”

கம்ப்யூட்டர் வாத்தியாரின் நாற்காலி கிரீச்சென்று பின்னால் நகர்ந்தது. குண்டு அனுப்பியது, சுட்டுவிட்டது, இப்போது வெடிமருந்து. ஓட்டல் மெனுவில் இட்லிப் பொடிக்குப் போடும் அந்த ஆங்கிலப் பெயரைப் படித்துவிட்டு வந்து ஒப்புக்கொண்டவர் ஒரு மத்திய அரசு அதிகாரி. “இட்லிக்குத் தொட்டுக்கற பொடி மேடம்! மசாலா! சாப்பிடற சாமான்!” என்று நான் கத்திய கத்தலில் வராந்தாவில் போன பியூன் எட்டிப் பார்த்தார்.

மேடம் அந்தத் தோழியை அழைத்துவரச் சொன்னார். முருங்கைக்காய் போல ஒரு பெண் காப்பித்தூள் பாட்டிலை நெஞ்சோடு அணைத்தபடி வந்தாள். பஸ் ரிங் ரோடு நெரிசலில் சிக்கித் தாமதமானதால் வழியில் இருந்தே செய்தி அனுப்பியிருக்கிறாள். பாட்டிலுக்குள் கருஞ்சிவப்பாகப் பொடி. தன் அம்மா இடித்து வைத்ததிலிருந்து கேட்காமல் எடுத்து வந்தது, அவ்வளவுதான் திருட்டு. மேடம் மூடியைத் திறந்து ஆழமாக முகர்ந்தார். நாலைந்து தும்மல் தும்மினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, தன் டப்பாவிலிருந்து ஒரு பராட்டாவைக் கிள்ளி, பொடியில் புரட்டி வாயில் போட்டுக்கொண்டார்.

“அரே வாஹ்.”

விஷயம் முடிந்தது என்று நான் கைப்பையை எடுத்தேன்.

“உட்காருங்க” என்றார் மேடம். அவரும் பல வருடமாகப் பிள்ளைகளை மேய்ப்பவர் இல்லையா? “சாப்பிடற சாமான், சரி. அப்படின்னா அம்மாவுக்குத் தெரிஞ்சா ஏன் செத்தோம்? இதுக்கு இவ காலைலேர்ந்து வாயத் திறக்கல. ஒளிக்கறதுக்கு ஒண்ணும் இல்லன்னா ஒளிப்பானேன்? இதுக்குப் பதில் வராம நான் ஃபைல மூட முடியாது. கமிட்டிக்குத்தான் அனுப்பணும்.”

கமிட்டி என்றால் ஜெய்ப்பூர் இல்லை. மகளின் உதடு துடித்தது. ஆனாலும் பேசவில்லை.

“சொல்லுடி. வாய்ல என்ன கொழுக்கட்டையா?”

பேசவில்லை.

“ஜெய்ப்பூர் போகணுமா வேணாமா?”

கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. “வேணாம்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சட்டையைக் கழற்றாமல் தூங்கியவள் வேண்டாம் என்கிறாள். அந்தத் தோழியைப் பார்த்தேன், அவள் மின்விசிறியைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகளை, தானே வாங்கிக் கொடுத்தவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்த அறையில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இவர்கள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆத்திரத்தில் பாட்டிலை இழுத்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டேன்.

பூண்டு. சுட்ட பூண்டு, வறுத்த எள், விரல் நுனி அளவுக்குப் புளி. காரம் முதலில் வராமல், சாவகாசமாக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. அடடா என்று சொல்ல வாயெடுத்தபோதே அந்த வாசனை எனக்குப் பழக்கமானது என்று பட்டது. தினமும் சாயங்காலம் என் கணவரின் டிபன் டப்பாவைக் கழுவும்போது மூடியில் ஒட்டிக்கொண்டிருக்குமே, அதே வாசனை. ஆபீஸ் கேன்டீன் சட்னி என்று சொல்லி வைத்திருந்தார்.

அவரை மறுபடி பார்த்தேன். கோப்பைகளை விட்டு என் பக்கம் திரும்பவே இல்லை மனிதர்.

இங்கே என் பொடியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுப் பொடியில் பூண்டு கிடையாது. உளுந்தும் மிளகாயும் பெருங்காயமும்தான், என் அம்மா செய்த அதே கணக்கு. குவார்ட்டர்ஸில் எந்த விசேஷத்துக்கும் தமிழ்க் குடும்பங்கள் கூடிச் சாப்பிடும்போது நான் கேட்காமலே ஒரு பெரிய டப்பா நிறையக் கொண்டுபோவேன். எல்லோரும் “ஓ, உங்க பொடியா!” என்பார்கள். இத்தனை வருடம் அதைப் பாராட்டு என்று நினைத்து, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடுதலாக அரைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த டப்பா ஏன் எப்போதும் கனமாகவே இருந்தது என்று அந்த அறையில்தான் யோசித்தேன்.

எல்லாம் விளங்கிவிட்டது. அப்பாவும் பெண்ணும் கூட்டாளிகள். கைபேசி விஷயத்தில் எலியும் பூனையுமாக நடித்துவிட்டு, பொடி விஷயத்தில் ஒரே டப்பாவில் தொட்டுத் தின்றிருக்கிறார்கள். என் பெண் போதைக்காரி என்று பேர் வாங்கினாலும் வாங்குவாள், ஜெய்ப்பூரை விட்டாலும் விடுவாள், என் முன்னால் என் பொடி நன்றாக இல்லை என்று மட்டும் சொல்ல மாட்டாள். கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ வேறு. அவளை அப்படியே தூக்கிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. என்னைவிட ஒரு சாண் உயரம், தூக்கவா முடியும்.

நான் எழுந்து நின்றேன். சாட்சி சொல்பவள் போல நின்று, இந்தியில் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

“மேடம், காரணம் இதுதான். மேரா பொடி அச்சா நஹீ ஹை.”

என் பொடி நன்றாக இல்லை என்று என் வாயாலேயே சொல்லிவிட்டேன். ‘வேணாம்’ என்ற ஒரு சொல்லைத் தவிரக் காலையிலிருந்து வாயைத் திறக்காத என் மகள் அப்போதுதான் திறந்தாள்.

“ஜூட் மேம்! அம்மா பொய் சொல்றாங்க! மம்மி கா பொடி பஹுத் அச்சா ஹை!”

“அடிப் பாவி” என்றேன். “உன்னக் காப்பாத்தத்தான்டி சொல்றேன்!”

“எதுக்கு நீ அப்படிச் சொல்லணும்? அச்சா ஹை மேம், ப்ராமிஸ்!”

மேடம் பேனாவை மேஜைமேல் வைத்தார். “நல்லா இருக்குன்னா இந்த பாட்டில் எதுக்கு?”

மகள் என்னைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். அவள் அப்பாவைப் பார்த்தாள், அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவள் முகம் கோணிக்கொண்டு வந்தது, அழுகையா சிரிப்பா என்று அதற்கே தெரியவில்லை.

“அச்சா ஹை மேம்” என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “தோடா... கம் அச்சா ஹை.” கொஞ்சம் குறைவாக நன்றாக இருக்கிறதாம்.

முதலில் சிரித்தது மேடம்தான். அந்தக் குரலுக்குள் அப்படி ஒரு சிரிப்பு இருக்கும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பிறகு அந்த முருங்கைக்காய்ப் பெண், பிறகு கம்ப்யூட்டர் வாத்தியார், பிறகு நான். கணவர் கடைசியாக, அனுமதி வாங்கிக்கொண்டு சிரிப்பவர் போல என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். மகள் அழுதுகொண்டே சிரித்ததில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

தீர்ப்பு உடனே சொல்லப்பட்டது. கைபேசி பரீட்சை முடியும் வரை மேடத்தின் அலமாரியில். துணிப்பையில் செத்த கைபேசியைப் போட்டு ஏமாற்றியதற்கு ஒரு வாரம் மைதானத்தைச் சுற்றி ஓட்டம். கமிட்டி கிடையாது, ஜெய்ப்பூர் உண்டு. கணவர் “அந்த பாட்டில்...” என்று இழுத்தார். பறிமுதல் என்று சொல்லி மேடம் அதைப் பராட்டா டப்பாவுக்குப் பக்கத்திலேயே வைத்து இழுப்பறையை மூடினார்.

வராந்தாவில் நாங்கள் மூவரும் நடந்தோம். கணவர் நாலடி முன்னால், என் கைக்கு எட்டாத தூரத்தில் போய்க்கொண்டிருந்தார். ராத்திரி அவரைக் கவனித்துக்கொள்வதாக இருந்தேன். மகள் என் புடவை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பள்ளி வாசலில் என் பக்கத்தில் நிற்கவே வெட்கப்படுகிறவள்.

“ஏன்டி, சொல்லித் தொலைச்சிருந்தா என்ன? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?”

“நீ எவ்வளோ சந்தோஷமா அரைப்பே. பாட்டு வேற பாடுவே. எப்படிம்மா சொல்றது?”

அவள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன், அல்லது மறுபடி சிரித்திருப்பேன். இரண்டும் பள்ளி வராந்தாவுக்கு அழகில்லை.

கேட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்றாள். கண்ணைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, பெரிய தியாகத்துக்குத் தயாரானவள் போல முதுகை நிமிர்த்தினாள்.

“அம்மா, ஜெய்ப்பூருக்கு நான் உன் பொடியத்தான் எடுத்துட்டுப் போவேன். டீம் முழுக்கக் குடுப்பேன்.”

“வேண்டாம்டி கண்ணு” என்றேன். “நீங்க ஜெயிக்கணும்.”